டி.சி.யைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசையாதீர்கள்: அரசுக் கல்லூரியில் சேர்பவர்கள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே குமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளிட்ட அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வந்தவர்கள் அவர்களில் பலர். போட்டோ மங்கலாக இருப்பது, கடைசி நாளில் சர்வர் முடங்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தாண்டி வருஷா வருஷம் பிள்ளைகள் தவறுகிற இடங்கள் சில உண்டு.

அசல் டி.சி.யை முதலில் கேட்டவரிடம் நீட்டுவது

இருப்பதிலேயே அதிக நஷ்டம் இதில்தான். தனியார் கல்லூரிகளில் ரிசல்ட் வந்த அன்றே சேர்க்கை சூடு பிடித்துவிடும். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பெற்றோருக்கு "இதுவும் போய், அதுவும் போய்விட்டால்?" என்ற பயம் வரும். ஒரு தனியார் கல்லூரியில் முதல் தவணையைக் கட்டி, மதிப்பெண் பட்டியலோடு அசல் டி.சி.யையும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். தரவரிசைப்படி கலந்தாய்வுக்கு அழைப்பு வருகிறது, கேட்ட பாடமும் கிடைக்கிறது. அசல் டி.சி. எங்கே என்கிறார்கள். தனியார் கல்லூரிக்கு ஓடினால், "பிரின்சிபால் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். திங்கட்கிழமை போனால் மிச்சக் கட்டணத்தையும் கட்டச் சொல்வார்கள். அதற்குள் கெடு முடிந்து, இடம் அடுத்த ரேங்க்காரருக்குப் போயிருக்கும். திருவட்டாறு, அருமனைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அப்பா ஒருவர் இப்படி மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் கூலியும் சேர்த்துப் போச்சு.

டி.சி.க்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல் என்றால், மற்ற சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிடுவார்கள், டி.சி. மட்டும் சேரும் கல்லூரியின் கோப்பிலேயே தங்கிவிடும். நகல் டி.சி. பள்ளியில் கேட்டவுடன் கிடைக்கிற காகிதமும் இல்லை.

விதி மாணவர் பக்கம்தான் இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்துவிட்டது. கட்டணத்துக்கும் கணக்கு உண்டு: சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகை. அதற்குப் பின் கடைசி நாள் வரை 90 சதவீதம், அடுத்த 15 நாளுக்குள் 80, 30 நாள் வரை 50, அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. பின்னால் சில கல்வியாண்டுகளுக்கு இதைவிடத் தாராளமான தேதிகளையும் அறிவித்திருக்கிறார்கள். எனவே அந்த வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள்.

இடம் பிடித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். விடாப்பிடியாகக் கேட்டால், எந்தெந்தச் சான்றிதழ் பெறப்பட்டது என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள். விலகும்போது வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல்வருக்குத் தேதி போட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். எந்த நாளில் விலகினீர்கள் என்பதற்கு அந்தச் சீல்தான் சாட்சி. அதன் பிறகும் தராமல் இழுத்தடித்தால், குமரிக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும், மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகார் கொடுக்கலாம். சீல் இல்லாத புகார் நிற்காது.

உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று குறிப்பது

குமரியில் திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுப்பதால் அதையும் அரசுப் பள்ளி என்று டிக் அடித்துவிடுகிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு; உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருவார்கள். ஆகவே 6 முதல் 12 வரை எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்தப் பயிற்றுமொழி என்று வரிசையாக எழுதிய போனஃபைடு சான்றைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

600-க்குக் கணக்குப் போடுவது

பொதுத் தரவரிசை மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களின் 400-க்குத்தான். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்ப்பார்கள்.

எல்லைக்கு அப்புறம் படித்தவர்கள்

கேரளத்தில் பாறசாலைப் பக்கம் பள்ளிக்குப் போனவர்கள், தமிழ்நாட்டுக்காரர் என்று காட்டும் பிறப்பிடச் சான்றைக் கலந்தாய்வு அழைப்பு வந்த பிறகு தேடக் கூடாது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும்.

பழைய வங்கிக் கணக்கு

உதவித்தொகை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் பணம் வரும் என்று நினைக்காதீர்கள். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடப்பது சாதாரணம். வங்கிக்குப் போய், "ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள்.

ஷிப்டைப் பார்க்காமல் பாடத்தை எடுப்பது

இரண்டாம் ஷிப்டு (பிற்பகல் வகுப்பு) என்றால் முதலில் நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.