இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் டெர்மினல் ‘தெரியாது’ என்கிறது: பாத் சிக்கலைப் பிடிக்கும் வழி

பைத்தானோ நோடோ ஜாவாவோ, நிரல் எழுதத் தேவையான ஏதோ ஒன்றை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி, ஃபினிஷும் வந்தாயிற்று. டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலைத் திறந்து பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று கையை விரிக்கிறது. விண்டோஸில் ‘நாட் ரெகக்னைஸ்டு’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. உடனே எல்லோரும் செய்வது என்ன? அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. தயவுசெய்து வேண்டாம். நானே ஒரு நாள் பைத்தானை மூன்று தடவை போட்டு எடுத்தேன். மூன்று தடவையும் அது ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. நான்தான் காலையில் திறந்த அதே டெர்மினல் ஜன்னலை மூடாமல் அதிலேயே தட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டெர்மினலில் ஒரு பெயரைத் தட்டினால் அது கணினி முழுக்கத் தேடாது. பாத் என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள், நிரல்கள் எடுத்துப் பார்ப்பதற்காகப் பெயரிட்டு வைத்த ஒரு மதிப்பு) ஒரு ஃபோல்டர் பட்டியல் இருக்கிறது. அந்த ஃபோல்டர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் எது கிடைக்கிறதோ அதை ஓட்டிவிட்டு நின்றுவிடும். பட்டியலைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி. இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: ஒவ்வொரு நிரலும் தொடங்கும் நொடியில் தன்னைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து இந்த மாறிகளின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்கிறது. பிறகு நீங்கள் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் அந்த நகல் மாறாது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே கதை இதுதான், இன்றைக்கும் இதுதான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். அந்தக் கோப்பு உண்மையிலேயே எங்கே இருக்கிறது? அந்த ஃபோல்டர் பட்டியலில் இருக்கிறதா? இந்த ஜன்னலிடம் இருப்பது புதுப் பட்டியலா, பழைய நகலா? வேறு ஏதாவது முந்திக்கொண்டு நிற்கிறதா?

கடைசியிலிருந்து இரண்டாவது கேள்விக்குச் செலவே இல்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். திறந்திருக்கிற எல்லா டெர்மினலையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்து தட்டிப் பாருங்கள். விஎஸ் கோடு மாதிரி நிரல் எழுதும் எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்த டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. அது எடிட்டரிடமிருந்துதான் நகலை வாங்குகிறது, எடிட்டர் வைத்திருப்பதே பழைய நகல். எடிட்டரின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும். அப்படியும் வரவில்லையா, ஒரு தடவை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணினேன், தானாகச் சரியாயிற்று’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இவ்வளவுதான்.

விண்டோஸில்

புது ஜன்னலிலும் அதே பல்லவி என்றால், கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் பைத்தான்’ என்று தட்டுங்கள் (எங்கே என்று கேட்கிற ‘வேர்’, மரத்தின் வேர் இல்லை). பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் அந்தப் பெயரில் எத்தனை கோப்பு இருக்கிறதோ அத்தனையையும் வரிசைப்படி காட்டும். மேலே வருவதுதான் ஓடும். விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் இருந்தால் ‘வேர்.எக்ஸி’ என்று முழுசாகத் தட்ட வேண்டும், ஏனென்றால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பது முற்றிலும் வேறு ஒரு கட்டளையின் செல்லப் பெயர். எதுவுமே காட்டாமல் அமைதியாக இருந்துவிடும், நீங்களும் கோப்பே இல்லை போலிருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். இதே மாதிரி, பாத் பட்டியலைக் காட்டும் ‘எக்கோ %பாத்%’ என்பது கமாண்ட் பிராம்ப்டுக்குத்தான். பவர்ஷெல்லில் ‘$என்வி:பாத்’.

பைத்தானுக்கு மட்டும் ஒரு தனி வேடிக்கை உண்டு. பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது, அல்லது ஸ்டோரிலிருந்து இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. ‘வேர்’ தட்டிப் பார்த்தால் முதல் வரியில் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அது பைத்தானே இல்லை, ஸ்டோருக்கு வழிகாட்டும் ஒரு மாற்றுப்பெயர். செட்டிங்ஸில் தேடல் பெட்டியில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸஸ்’ என்று தேடி, பைத்தான் பெயரில் உள்ள இரண்டு ஸ்விட்ச்களையும் அணைத்துவிடுங்கள். பைத்தான்.ஆர்க் தளத்தின் வழக்கமான இன்ஸ்டாலரில் பாத்தில் சேர்க்கவா என்று முதல் திரையின் அடியில் ஒரு டிக் பெட்டி இருக்கும், அது தானாக டிக் ஆகியிருக்காது. அதைத் தவறவிட்டிருந்தாலும் கவலையில்லை, இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ‘மாடிஃபை’ போய் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கையாலேயே சேர்ப்பதென்றால் ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட்’ என்று தட்டினாலே வழி வந்துவிடும். அந்தப் பெட்டியில் மேலே இருப்பது உங்கள் கணக்குக்கு மட்டும், கீழே இருப்பது கணினி முழுமைக்கும். இரண்டிலும் பாத் என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒட்டும்போது கணினியின் பட்டியலை முதலில் வைத்து, உங்களுடையதை அதன் வாலில் ஒட்டுகிறது. அதனால் மேலே உள்ள பட்டியலில் புதுப் பதிப்பை முதல் வரிசையில் ஏற்றி வைத்தாலும் கீழே உள்ள பட்டியலில் பழையது கிடந்தால் பழையதுதான் ஜெயிக்கும். ‘மேலேற்றிவிட்டேன், இன்னும் பழைய வெர்ஷன்தான் காட்டுகிறது’ என்று புலம்புகிற இடம் இதுதான். ஜாவாவில் இது இன்னும் அதிகம், ஆரக்கிள் இன்ஸ்டாலர் ‘ஜாவாபாத்’ என்று தனக்கென ஒரு ஃபோல்டரைக் கணினிப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதால், ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோம் என்ற மாறியை நீங்கள் எப்படி மாற்றினாலும் வெறும் ‘ஜாவா’ என்று தட்டினால் அந்த ஃபோல்டரில் உள்ளதே ஓடலாம்.

ஜாவா_ஹோம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதில் கொடுக்க வேண்டியது ஜேடிகே (ஜாவாவில் நிரல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) இருக்கும் ஃபோல்டரை, அதற்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டரை அல்ல. பாத்தில் கொடுக்க வேண்டியதோ அந்த ‘பின்’ ஃபோல்டரை. ஜாவா நிரல்களைக் கட்டித்தரும் கருவிகளான மேவனும் கிரேடிலும் ஜாவா_ஹோமை எடுத்து அதன் பின்னால் தாங்களாகவே ‘பின்’னை ஒட்டிக்கொள்கின்றன, நீங்களும் ஒட்டியிருந்தால் இரண்டு ‘பின்’ ஆகிவிடும். அதேபோல, பாத்தில் சேர்ப்பது எப்போதும் ஃபோல்டர்தான், எக்ஸி கோப்பின் முழு முகவரி இல்லை. சிரிக்காதீர்கள், அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல இடங்களில், மாறியை நிரந்தரமாக எழுதிவைக்கும் ‘செட்எக்ஸ்’ கட்டளையில் %பாத்%-ஐப் போட்டு, அதன் வாலில் புது ஃபோல்டரை ஒட்டச் சொல்லியிருப்பார்கள். ஒரே வரி, வசதி. ஆனால் அது 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும், போதாததற்குக் கணினிப் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் ஒன்றாகக் குழைத்து உங்கள் பட்டியலில் கொட்டிவிடும். நாலைந்து கருவி போட்ட கணினியில் பட்டியல் 1024-ஐத் தாண்டுவது சாதாரணம். பெட்டியிலேயே மாற்றுங்கள், மாற்றும் முன் ‘எடிட் டெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தி உள்ளதை முழுசாகக் காப்பி செய்து ஒரு நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டு, பிறகு ஒரு மாலை முழுக்க எந்தெந்த ஃபோல்டர் இருந்தது என்று நினைவிலிருந்து தோண்டியிருக்கிறேன்.

ஜன்னலுக்குள் தற்காலிகமாக வைக்க ‘செட்’ பயன்படுத்தினால் சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள். முன்னால் விட்ட இடைவெளி மாறியின் பெயரிலும், பின்னால் விட்டது அதன் மதிப்பிலும் சேர்ந்துவிடும். பார்க்க ஜாவா_ஹோம் மாதிரியே இருக்கும், ஆனால் அது வாலில் ஓர் இடைவெளியோடு கூடிய வேறொரு மாறி. தேடிக் கண்டுபிடிக்கவே முடியாத வகை.

லினக்ஸ், மேக்

இங்கே ‘வேர்’ வேலையை ‘டைப் -ஏ’ செய்கிறது. எத்தனை இருந்தாலும் வரிசையாகக் காட்டும், ஏலியாஸ் (கட்டளைக்கு வைத்த செல்லப் பெயர்) ஏதாவது குறுக்கே இருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். அதனால், இதே வேலைக்குப் பலரும் தட்டும் ‘விச்’ கட்டளையைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். ‘எக்கோ $பாத்’ பட்டியலைத் தரும். மாறிகளின் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் இங்கே உண்டு, விண்டோஸில் இல்லை.

சிக்கலின் பெரும்பங்கு எந்தக் கோப்பில் எழுதுவது என்பதில்தான். முதலில் ‘எக்கோ $0’ தட்டி எந்த ஷெல்லில் (நீங்கள் தட்டுவதைப் படித்து ஓட்டும் நிரல்; பாஷ், இசட்எஸ்எச் போன்றவை) இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேக்கில் 2019-இல் வந்த கேடலினாவிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இசட்எஸ்எச்தான் இயல்பான ஷெல், எனவே ‘.பாஷ்_புரொஃபைல்’ கோப்பில் எழுதச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றினால் ஒன்றும் நடக்காது. அந்தக் கோப்பை இசட்எஸ்எச் படிப்பதே இல்லை. ‘.இசட்எஸ்எச்ஆர்சி’யில் எழுத வேண்டும். லினக்ஸில் பாஷ் என்றால் பெரும்பாலும் ‘.பாஷ்ஆர்சி’ போதும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள (ஆப்பிள் சிலிக்கான்) மேக்கில், நிரல்களை இறக்கித்தரும் ஹோம்ப்ரூ போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம்: அதன் இடம் ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்’, இன்டெல் மேக்கில் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்’. பழைய கணினியிலிருந்து செட்டிங்ஸ் கோப்பை அப்படியே கொண்டுவந்தால் இங்கேதான் உதைக்கும்.

எழுதும் வரி ‘எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"’ என்ற வடிவில் இருக்கட்டும். சமக்குறியைச் சுற்றி இடைவெளி கூடாது. மேற்கோளுக்குள் அலைக்குறி (~) போட்டால் அது வீட்டு ஃபோல்டராக விரியாது, $ஹோம் என்றே எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியில் உள்ள $பாத். அதை விட்டுவிட்டால் பழைய பட்டியல் மொத்தமும் போய், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’கூட ஓடாது. பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. ‘எக்ஸ்போர்ட் பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின்’ என்று தட்டினால் அந்த ஜன்னலுக்கு உயிர் வந்துவிடும், அப்புறம் கோப்பைத் திறந்து திருத்திக்கொள்ளலாம். திருத்தியபின் ‘சோர்ஸ்’ கட்டளையால் கோப்பை மறுபடி படிக்க வைக்கலாம், அல்லது புது ஜன்னல் திறக்கலாம். நான் எப்போதும் பழைய ஜன்னலை மூடாமல் புதியதில் சோதித்துப் பார்ப்பேன், ஏதாவது கெட்டாலும் பழையது கையில் இருக்கும்.

பட்டியல் சரி, ‘விச்’ புதியதைக் காட்டுகிறது, ஓடுவதோ பழையது என்றால் பாஷ் முன்பு கண்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ‘ஹாஷ் -ஆர்’ தட்டினால் மறந்துவிடும். சாதாரணமாக ஓடுகிறது, நிர்வாகி அதிகாரத்தில் ஓட்ட முன்னால் ‘சூடோ’ போட்டால் ஓடவில்லையா? பல லினக்ஸ்களில் சூடோ தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, உங்களுடையதைப் பார்க்காது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானும் அப்படித்தான், அதற்குத் தெரிவது ஓரிரு ஃபோல்டர்களே. அங்கெல்லாம் கோப்பின் முழு முகவரியைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

பாத் மாதிரி தெரியும், பாத் இல்லை

விண்டோஸில் நோடோடு வரும் என்பிஎம் கட்டளையைத் தட்டினால் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று சிவப்பில் வந்தால் அது பவர்ஷெல்லின் எக்ஸிக்யூஷன் பாலிசி. கோப்பைக் கண்டுபிடித்துவிட்டது, ஓட்டத்தான் மறுக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் அதே கட்டளை ஓடும். பைத்தான் தொடங்கும்போதே ‘என்கோடிங்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று விழுந்தால், எப்போதோ வைத்த பைத்தான்ஹோம் மாறி கிடக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதை அழித்தாலே சரியாகிவிடும். பைத்தானுக்கான தொகுப்புகளை இறக்கும் பிப் மட்டும் கிடைக்கவில்லை, அல்லது பிப் ஒரு பைத்தானிலும் நிரல் இன்னொரு பைத்தானிலும் ஓடுகிறது என்றால், ‘பைத்தான் -எம் பிப்’ என்று தட்டுங்கள், எந்தப் பைத்தானோ அதன் பிப்தான் வரும். இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்துத் தீரவில்லை, யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் ‘வேர்’ அல்லது ‘டைப் -ஏ’ தந்த விடை, பாத் பட்டியல், பிழைச் செய்தியின் முழு வரி ஆகிய மூன்றையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். எல்லாச் சூழல் மாறிகளையும் மொத்தமாகக் காட்டும் ‘செட்’, ‘என்வி’ கட்டளைகளின் விடையை மட்டும் பொதுவில் ஒட்டாதீர்கள். ஏபிஐ சாவியும் (இணையச் சேவைகளை நிரல் வழியே பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) கடவுச்சொல்லும் அதற்குள்தான் பலர் வைத்திருப்பார்கள், நீங்கள் வைத்தது உங்களுக்கே மறந்திருக்கும்.