ஆபத்தை வயலில் மட்டும் தேடாதீர்கள்: சிறு விவசாயக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் சுமார் 60 கோடிப் பண்ணைகள் உள்ளன. ஐந்தில் நான்குக்கும் மேல் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை. இவ்வளவு சிறிய நிலத்தை நம்பிய வீட்டில் ஒரு போகம் பொய்த்தால் அடுப்படி முதல் பள்ளிக் கட்டணம் வரை எல்லாமே ஆட்டம் காணும். அதனால் இந்தக் குடும்பங்கள் ஆபத்தை எப்போதும் கணக்குப் போட்டபடியேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு சில இடங்களில் பிசகுகிறது.

கடைசியாகப் பட்ட அடிதான் மறுபடியும் விழும் என்று நினைப்பது ஒன்று. எளிதில் நினைவுக்கு வருவதே அடிக்கடி நடப்பதாகத் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் 1973-லேயே காட்டினார்கள். வறட்சிக்கு மறுவருடம் பேச்செல்லாம் மழையைப் பற்றியே இருக்கும். விலைச் சரிவும் நோயும் கணக்கில் வராது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மருத்துவச் செலவோடு போகாது, அறுவடைக்கு ஓர் ஆளும் குறையும். விதைக்கும் உரத்துக்கும் பணம் ஒதுக்கும்போதே மருத்துவத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

நாலு பயிர் போட்டிருக்கிறோம், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்பார்கள். சரி, நான்கும் ஒரே கிணற்றை நம்பியிருந்தால்? கிணறு வற்றும்போது நான்கும் சேர்ந்தே காயும். பக்கத்து வயலில் கிடைக்கும் கூலியும் அப்படித்தான். விதைப்புக் காலமோ தண்ணீர்த் தேவையோ விற்கும் இடமோ மாறுபட்டால்தான் ஆபத்து பிரியும். மழையோடு தொடர்பில்லாத சிறு வருமானம் இன்னும் நல்லது. கைமாற்றுக்கும் எல்லை உண்டு: ஒரு வீட்டு நோய்க்கு அக்கம்பக்கம் உதவும், ஊரே வெள்ளத்தில் நிற்கும்போது கொடுக்க யாரிடமும் இருக்காது.

நெருக்கடியில் எதை முதலில் விற்பது என்று முன்கூட்டியே பேசி வைக்காததுதான் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. வறட்சி முற்றியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க வருவதால் விலை விழும். மழை திரும்பியபின் வாங்கப் போனால் விலை ஏறியிருக்கும். தீவனம் குறையத் தொடங்கும்போதே ஒன்றிரண்டை விற்பது மேல். மாட்டைக் காப்பாற்றச் சாப்பாட்டைக் குறைக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டு வயதுக்குள் குழந்தை இழக்கும் வளர்ச்சியைப் பின்னால் முழுமையாக மீட்பது மிகக் கடினம். மாட்டை மறுபடி வாங்கலாம். இந்தப் பேச்சில் பெண்களும் இருக்க வேண்டும். இருக்கும் தானியம் எத்தனை நாளுக்கு வரும் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், காப்பீடு. மழை அளவை வைத்து இழப்பீடு தரும் திட்டங்களில், மழைமானி இருக்கும் இடத்தில் மழை பெய்துவிட்டால் உங்கள் வயல் காய்ந்தாலும் பணம் வராது. மானி எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பணம் கிடைக்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.