ஊடகம் படிக்கப் புலமைப்பரிசில் தேடும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள் ஊடகப் படிப்புக்கு இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பதால் சிலர் விண்ணப்பத்தோடு என்னிடமும் வருவார்கள். எங்கள் காலத்துக் கூத்துகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. கடைசித் திகதியைத் தவறவிடுவது, கையொப்பம் வைக்க மறப்பது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகள் இவை.

'50 வீதப் புலமைப்பரிசில்'

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது. கல்விக் கண்காட்சிக்குள் நுழைந்து பெயரைக் கொடுத்ததுமே 'உங்களுக்கு 50 வீதம் கிடைத்திருக்கிறது' என்பார்கள். பரீட்சை இல்லை, நேர்முகம் இல்லை. ஆனால் முற்பணத்தை மட்டும் இந்தக் கிழமைக்குள் கட்டிவிட வேண்டும்! தீபாவளிக்குப் புடவைக் கடையில் விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைப்பார்களே, அந்தக் கழிவுதான் இது.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி அப்படித்தான் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். கழிவு கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பட்டம் தரும் பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணில் கட்ட வேண்டிய தொகை எல்லாம் முழுசாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பாடத்தில் புள்ளி குறைந்ததும் இருந்த கழிவும் போனது. தாயின் காப்பு அடகுக்குப் போனது.

வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் என்றால் இன்னும் யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புலமைப்பரிசில் கடிதம் அதற்கெல்லாம் பொறுப்பெடுக்காது.

எந்தக் கட்டணத்தில் கழிவு, எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு புள்ளி எடுக்காவிட்டால் நிறுத்துவார்கள், இடையில் விலகினால் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும்: நாலையும் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஒழுங்காக எழுதித் தரும் இடங்களும் இருக்கின்றன.

'ஊடகம்' என்று பெயர் போட்டதை மட்டும் தேடுவது

அப்படிப் பெயர் போட்டு வரும் புலமைப்பரிசில்கள் குறைவு. இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலை எடுங்கள். பெயரில் ஊடகம் இல்லை, ஆனால் கலைத்துறைப் பட்டப்படிப்புகளும் அதில் அடங்கும். மருத்துவம்தான் அடங்காது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களையும் கல்வி அமைச்சின் அறிவித்தல்களையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

மகாபொல உதவித்தொகையை நம்பித் தனியாரில் சேர்வது

அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்குத்தான் மகாபொல. அவ்வளவுதான்.

பட்டம் மட்டுமே வழி என்று நிற்பது

கொழும்பில் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி, தமிழிலும் டிப்ளோமா நடத்தியிருக்கிறது. பட்டம்தான் வேண்டுமென்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளுக்கென்றே ஒரு துறை உண்டு. கொழும்புப் பிள்ளைகள் பலருக்கு யாழ்ப்பாணம் போவதென்றால் ஏனோ லண்டனை விடத் தூரம். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணமே இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

'சிறுவயது முதலே செய்தி வாசிப்பாளராக ஆசை'

இப்படித் தொடங்கும் விண்ணப்பக் கட்டுரையைத் தெரிவுக் குழு ஆயிரம் முறை வாசித்திருக்கும். பாடசாலை மலருக்காக நீங்கள் எடுத்த ஒரு நேர்காணலை இணையுங்கள். ஒன்றும் இல்லையென்றால், மரக்கறிக் கடைக்காரர் ஒருவரோடு பேசி, இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைச் செய்து அனுப்புங்கள்.