வாக்ஸ் பூச ரோட்டரி மெஷினைத் தூக்காதீர்கள்

மண்ணோடு இருக்கிற காரில் வாக்ஸ் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மெஷினா, கையா என்ற இடத்தில் நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

வெயிலில் நின்ற பானெட்

தொட்டால் சுடுகிறதா? போடாதீர்கள்.

ரோட்டரியும் கம்பளி பேடும்

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது, செலவும் இதில்தான் அதிகம். கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்ட் பேஸ்ட் அடித்த அதே ரோட்டரி பாலிஷ் மெஷின், அதே கம்பளி பேட், வேகத்தைக்கூடக் குறைக்காமல் வாக்ஸை வைத்து அழுத்துவார்கள். அழுத்தினால் உள்ளே இறங்குமாம்! வாக்ஸ் எங்கும் இறங்காது. பெயின்டின் மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டின் மேலே மெல்லிய படலமாக நிற்கும், அவ்வளவுதான். பேடில் மிச்சமிருக்கும் காம்பவுண்ட் துகள்தான் பெயின்டை அறுக்கும்.

கம்பெனி பெயின்டில் கிளியர் கோட் பொதுவாக 40–50 மைக்ரான்தான். கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் அதைவிட மெல்லிசு. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஓரிடத்தில் குவியும். தகரமாவது சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது. கறுப்பு கார் என்றால் ஷெட்டின் டியூப்லைட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாள் பெட்ரோல் பங்க் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க ஹாலோகிராம் கோடுகள், அதாவது மெஷின் சுற்றிய தடங்கள். அதை எடுக்க மறுபடி பாலிஷ் போட்டால் கிளியர் கோட் இன்னும் தேயும். விளிம்பு எரிந்துவிட்டால் பெயின்டிங்தான், வேறு வழியில்லை.

மெஷினில்தான் போட வேண்டுமென்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் மெஷின்), மென்மையான ஃபினிஷிங் ஃபோம் பேட், வேகம் 1 அல்லது 2. லிக்விட் வாக்ஸ் நாலைந்து பட்டாணி அளவு, ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம். மெஷினின் எடையே போதும். பேடைப் பெயின்டில் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். இல்லாவிட்டால் வாக்ஸ் சுவரெல்லாம் தெறிக்கும்.

மெஷினால் பளபளப்பு கூடும் என்ற நினைப்பு

கூடாது. படலம் சீராகவும் சீக்கிரமாகவும் பரவும், அதுதான் லாபம். கீறலை மறைக்க வேண்டுமென்றால் அது பாலிஷ் வேலை.

கையில் அப்பி வைப்பது

டப்பாவில் வரும் கெட்டி பேஸ்ட் வாக்ஸுக்குக் கைதான் சரி. கைப்பிடிக் குழி, கண்ணாடி ஓரம், பேட்ஜ் சுற்று எல்லாம் கைவேலைதான். ஆனால் வெண்ணெய் தடவுகிற மாதிரி தடவாதீர்கள். சாய்த்துப் பார்த்தால் மட்டும் மங்கலாகத் தெரிய வேண்டும். அதிகமாகப் பூசியது எப்படியும் துடைக்கிற துணிக்குத்தான் போகும், தோள்வலிதான் மிச்சம்.

கடிகாரத்தைப் பார்த்துத் துடைப்பது

டப்பாவில் 10 நிமிடம் என்று இருந்தாலும் சென்னை போன்ற கடலோர ஈரக்காற்றில் கூடுதலாகலாம். விரலால் ஒரு கோடு இழுங்கள். சுத்தமாகப் பளிச்சென்றால் துடைக்கலாம், ஈஷினால் பொறுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக்

முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பில் காய்ந்த வெள்ளைத் திட்டு லேசில் போகாது.

தரையில் விழுந்த மைக்ரோஃபைபர் துணி

அன்றைக்கு அது டயருக்கு மட்டும்.