எழுத்து தெரியும், வாசிக்க வரவில்லையா? கூட்டிப் படிக்கப் பழக்கும் முறை

பிள்ளை அ முதல் ஔ வரை தடங்கலில்லாமல் சொல்கிறது. க, ங, ச வரிசையும் மனப்பாடம். ஆனால் 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறது. இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் 'காத்தாடி' என்கிறது. உடனே "படிப்பில் மந்தம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுத்தை அடையாளம் காண்பது ஒரு திறமை, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது வேறொரு திறமை. இந்த இரண்டாவதைத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தமிழைப் பேச மட்டுமே தெரிந்து, வெளிமாநிலத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கும் இதே வழிதான்.

படி 1: 'இக், இங்' என்பதை ஓரமாக வையுங்கள்

மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிப் பழக்குகிறோம். வரிசையாக ஒப்பிக்க அது வசதி. கூட்டிப் படிக்கும்போதோ பிள்ளை 'ப – இட் – ட – இம்' என்கிறது. இதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பட்டம்' வராது. அதனால் ம் என்ற எழுத்தைக் காட்டி, உதட்டை மூடி 'ம்ம்ம்' என்ற ஒலியை மட்டும் எழுப்பச் சொல்லுங்கள். ல், ர், ன் இவற்றையும் அப்படியே இழுத்துச் சொல்லலாம். க், ட், ப் இழுபடாது. அவற்றை முந்தைய எழுத்தோடு ஒட்டித்தான் சொல்ல வேண்டும்: அக், பட், அப்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். ப, ட, ம, ர, க ஐந்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், பட்டம், பக்கம் எல்லாம் வாசிக்கலாம். துணைக்கால் சேர்ந்ததும் பாடம், காகம், மாடம் வந்துவிடும்.

படி 2: புள்ளிக்குப் பின்னால் ஒரு கோடு

இந்த முறையின் உயிர்நாடி இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள்:

கத் | த | ரிக் | காய்

ஒவ்வொரு துண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலில் 'கத்'. பிறகு 'கத்–த'. பிறகு 'கத்–த–ரிக்'. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வரவேண்டும், அப்போதுதான் கடைசித் துண்டுக்கு வரும்போது முதல் துண்டு மறக்காது. இரண்டு புள்ளி அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதற்குப் பின்னால் கோடு: வாழ்க் | கை, பார்த் | தேன்.

மின்தடை அறிவிப்பில் வரும் 'நிறுத்தப்படும்' என்ற சொல்லைப் பார்த்ததும் மலைக்கிற பிள்ளைக்கு, 'நி | றுத் | தப் | ப | டும்' என்று பிரித்துக் கொடுங்கள். எட்டு எழுத்து ஐந்து துண்டாகச் சுருங்கிவிடும். கொஞ்ச நாளில் பென்சில் தேவைப்படாது, கண்ணே பிரித்துக்கொள்ளும்.

படி 3: கொம்பு முன்னால், ஒலி பின்னால்

கெ, கே, கை மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளை இங்கே குழம்புவது இயல்பு. கொ, கோ இன்னும் சிக்கல், எழுத்தின் இரு பக்கமும் குறி. "கொம்பைப் பார்த்தால் நில், அடுத்த எழுத்தையும் பார், பிறகு வாயைத் திற" என்று சொல்லிக்கொடுங்கள். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று பார்க்க கொடு–கோடு, செடி–சேறு, தொடு–தோடு போன்ற சொற்களை அடுத்தடுத்து எழுதிப் பழக்கலாம்.

பாட்டி வைத்திருக்கும் பழைய புத்தகத்தை எடுத்து வாசித்தால் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது இப்படி 13 எழுத்துகள் மாறின. பிள்ளை கேட்டால் சொல்லுங்கள், இப்போதே பழக்க வேண்டியதில்லை.

படி 4: ஒரே எழுத்து, வேறு வேறு ஒலி

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப அழுத்தமாக ஒலிக்கிறது, அடுத்த ப மென்மையாகிறது. 'தந்தம்' என்பதிலும் அப்படித்தான். க, ச, ட, த, ப, ற ஆறும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாற்றும். இரட்டித்தால் அழுத்தம் (பக்கம், அப்பா). ங், ஞ், ண், ந், ம் இவற்றுக்குப் பின்னாலும் சொல்லின் நடுவில் தனியாக வரும்போதும் மென்மை (பங்கு, கோபம்). ற மட்டும் தனிப் போக்கு: மறதி, காற்று, கன்று மூன்றையும் சொல்லிக் காட்டிவிடுங்கள்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம். சொல் காதுக்குப் பழக்கம் என்பதால் தோராயமாக வாசித்தாலும் தானே திருத்திக்கொள்ளும். வெளியே வளர்ந்தவர்களுக்கு விதி உதவும். பஸ், பல்பு போன்றவை இதற்கு அடங்காது, அவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

படி 5: படத்தை மூடுங்கள்

படமுள்ள புத்தகம் அருமையானதுதான். ஆனால் கூட்டிப் படிக்கும் பயிற்சியின்போது கையால் படத்தை மறைத்துவிடுங்கள். சொல்லை முழுவதும் வாசித்த பிறகு கையை எடுத்து, சரியா என்று பிள்ளையே பார்க்கட்டும். கடைப் பலகை, பஸ்ஸின் ஊர்ப்பெயர், பிஸ்கட் உறை எல்லாம் நல்ல பயிற்சித்தாள்கள். தடுமாறினால் சொல்லை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், முதல் துண்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

படி 6: வாசித்தது என்ன சொல்கிறது?

1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. பெருக்கல் என்பதால் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். சரளமாக வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் முழிக்கும் பிள்ளைகள் இந்த இரண்டாவது திறனில் தடுமாறுபவர்கள்.

தமிழில் பாதிச் செய்தி சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அவசரமாகப் படிக்கிறவர்கள் விழுங்குவதும் அந்த வாலைத்தான். மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் மூன்று செய்திகளைப் பாருங்கள்:

நாளைக்கு லீவு.
நாளைக்கு லீவா?
நாளைக்கு லீவாம்.

முதலாவது உறுதியாகச் சொல்கிறது. இரண்டாவது கேட்கிறது. மூன்றாவது, யாரோ சொன்னதைக் கடத்துகிறது. அந்த 'ஆம்' கண்ணில் படாதவர்கள்தான் கலெக்டர் அறிவிப்பு வருவதற்கு முன்பே வகுப்புக் குழு முழுக்க அனுப்பிவிடுகிறார்கள். 'அவர் வந்தார்', 'அவரே வந்தார்', 'அவரும் வந்தார்', 'அவர்தான் வந்தார்' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன கூடியிருக்கிறது என்று பேசவைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளே அழகாகச் சொல்வார்கள், ஏனென்றால் பேச்சில் இதையெல்லாம் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதில் பாதி நேரம் துண்டாக்கி வாசிக்க, மீதி வாசித்ததைப் பற்றிப் பேச. அடுத்த முறை போனில் 'லீவாம்' வந்தால் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் "யார் சொன்னதாம்?" என்று கேளுங்கள்.