ரேடியோகிராபர் பிரசவ லீவில் போகிறாரா? டியூட்டி சார்ட் போடுபவருக்குச் சில வழிகள்

நாலே பேர் ஓட்டும் எக்ஸ்ரே, சிடி பிரிவு. அதில் ஒருத்தி வந்து, "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு" என்கிறாள். வாழ்த்துச் சொன்ன கையோடு நான் 26 வாரத்தை எண்ண ஆரம்பித்தேன். மகப்பேறு சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு அவ்வளவு விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அவள் போக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டேன். அங்கேதான் தப்பு. கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் அவள் சொன்ன அன்றே ஆள் குறைந்துவிடுகிறது.

படி 1: கர்ப்பம் என்பதை அன்றே எழுதி வாங்குங்கள்
அறிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவு) தான் வரம்பு. இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்தது. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் சி ஆர்ம் எக்ஸ்ரே, இதய ரத்தக் குழாய்களைப் பார்க்கும் கேத் லேப், வார்டுக்குத் தள்ளிப்போகும் போர்ட்டபிள் எக்ஸ்ரே மூன்றிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிடுங்கள். சிடி கன்சோல் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் அங்கே உட்காரலாம். ஸ்கேனில் அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொள்ள மட்டும் உள்ளே அனுப்பாதீர்கள்.

படி 2: ஆளுக்கு முன்னால் பேட்ஜ்
பதிலாள் கிடைத்தாலும் அவர் பெயரில் டிஎல்டி பேட்ஜ் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது) வந்த பிறகே வேலை. விண்ணப்பித்த மறுநாள் அது வந்துவிடாது. முன்பு நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில், "அந்தப் பொண்ணோட பேட்ஜ் சும்மாதானே கிடக்கு, அதையே குத்திக்கட்டும்" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். பதிலாள் வாங்கும் டோஸ் எல்லாம் கர்ப்பிணி கணக்கில் ஏறும் என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

படி 3: பாதுகாப்பு அதிகாரி அவளேதானா?
கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக அவள் பெயர் வாரியத்தில் பதிவாகியிருந்தால், தகுதியுள்ள வேறொருவரை நியமித்து ஒப்புதல் வாங்க வேண்டும். இதை முதல் வாரமே தொடங்குங்கள்.

படி 4: கைமாற்றம்
டிப்ளமோ முடித்தவர் யாரானாலும் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுவார். சிக்கல் ராத்திரி 2 மணிக்கு வரும் பக்கவாத நோயாளியிடம்தான். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாக விழ ஏற்றும் மருந்து) எப்போது போட வேண்டும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரிப்போர்ட் வராவிட்டால் எந்த டாக்டரை எழுப்ப வேண்டும், அந்த மருந்தை ஏற்றும் இன்ஜெக்டரில் பிரஷர் அலாரம் அடித்தால் முதலில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது — இதெல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்தால் வராது. எங்களுடையவள் இரண்டு வாரம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பட்டனைப் புதியவர்தான் அழுத்தினார். அவர் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு இடத்தையும் நான் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்றும் கன்சோல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இரண்டு வாரச் சம்பளம் இரட்டிப்பு என்று அக்கவுண்ட்ஸ் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

படி 5: ஒப்பந்தத் தேதி
பதிலாளின் ஒப்பந்தத்தை அவள் திரும்பிய பிறகும் ஒரு வாரம் நீட்டி வையுங்கள். வந்ததும் நைட் டியூட்டி போடாதீர்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பதிலாள் கிளம்பும் அன்று பேட்ஜைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் சட்டையிலேயே குத்திக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.