அதிகாலை 3 மணி முழிப்பு நின்ற விதம்

ஹட்டன் பக்கம் காணி, வீடு தரகு பார்க்கிறேன். ஒரு மாதமாக அதிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடத்து முழிப்பு வரும், அப்புறம் விடியும் வரை முற்பணம் தந்தவர் பின்வாங்குவாரா, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை சரியாக வருமா என்றே மனம் ஓடும். ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை. போனை அணைத்துவிட்டுப் படுத்தேன், யார் கூப்பிட்டார்களோ என்று இன்னும் மோசம். நல்லெண்ணெய் முழுக்கும் உதவவில்லை.

போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் மட்டும் நான் நன்றாகத் தூங்குவதைக் கவனித்தது மனைவிதான். அன்று காணிப் பதிவகம் மூடியிருக்கும், அதுதான் நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் ஒரு வேலைநாளில் கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தால், காணி பார்க்கப் போகிற வீடெல்லாம் பிளேன்டீ, மொத்தம் 11 கோப்பை, கடைசி ஒன்று இரவு 8 மணிக்கு! போயா அன்று இந்தச் சுற்றே இல்லை. தேநீரில் இருக்கிற, தூக்கத்தைக் கலைக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும்.

பகல் 2 மணிக்குப் பிறகு "இஞ்சி தட்டிப்போட்ட சுடுதண்ணி போதும் அக்கா" என்று கேட்க ஆரம்பித்தேன், யாரும் கோபிக்கவில்லை. நாளைக்குப் பேசவேண்டியவர்களை 7 மணிக்கே எழுதிக் கொப்பியை மூடிவிடுகிறேன். பத்தாவது நாள் 5.30 வரை தூங்கினேன். அப்பாடா!